பார்க்காத ஒன்றரை மணி நேரம்

ஒரு படத்தைப் பார்க்காமலே அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. முதல் இருபது நிமிடம் பார்க்க வேண்டும். யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு என்ன தொழில் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தாவ வேண்டும். கதை எங்கே போய் முடிந்தது என்பது அங்கே தெரிந்துவிடும். அப்புறம் போனில் மூன்று பேருடைய கருத்தைப் படிக்க வேண்டும்: புகழ்ந்தவர் ஒருவர், திட்டியவர் ஒருவர், இரண்டுங்கெட்டானாக எழுதியவர் ஒருவர். முதலாமவரிடமிருந்து ஒரு காட்சி, இரண்டாமவரிடமிருந்து ஒரு குறை, மூன்றாமவரிடமிருந்து ஒரு பெருமூச்சு. மூன்றையும் கலந்து, "ரெண்டாம் பாதி கொஞ்சம் இழுவை" என்று மேலே தூவினால் அபிப்பிராயம் தயார். எந்தப் படத்துக்கும் அந்த வரி பொருந்தும். இரண்டாம் பாதி வருவதற்குள் பார்க்கிறவருக்கு முதுகு வலித்திருக்கும் அல்லவா?

புத்தகம் இன்னும் சுலபம். பின்னட்டை, முதல் அத்தியாயம், கடைசிப் பக்கம். ஆப் என்றால் இறக்கி, நாலு இடத்தில் தட்டிப் பார்த்து, "விளம்பரம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அழித்துவிடலாம்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. கடையில் அவரை ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தீர்ப்புச் சொல்லாமல் அங்கே யாரும் எந்தப் படத்தையும் போட மாட்டார்கள்.

அவர் பிறவிப் பொய்யர் இல்லை. அவருடைய வேலை அப்படி. லென்ஸ் வரும்போது சின்னத் தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். சீட்டில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து, மையத்தைக் கருவியில் வைத்துக் கண்டுபிடித்து, மைப்புள்ளி வைக்க வேண்டும். போட்டுக்கொள்கிறவரின் கண்மணிக்கு நேராக அந்தப் புள்ளி வர வேண்டும். சில மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் தலைவலி நிச்சயம். அப்புறம் பிரேமின் வடிவத்துக்குச் சக்கரத்தில் தேய்க்க வேண்டும். தண்ணீர் தெறித்துக்கொண்டே இருக்கும். விளிம்பு நெடுக மெல்லிய மேடு ஒன்றை விட வேண்டும். பிரேமின் பள்ளத்தில் போய் உட்காருவது அதுதான். நாளுக்கு முப்பது ஜோடி. வீட்டுக்குப் போய்ப் படம் போட்டால் கால் மணி நேரத்தில் கண் சொக்கிவிடும்.

அப்படி ஒரு படம் முழுவதையும் தூங்கிக் கழித்த மறுநாள், மதியச் சாப்பாட்டின்போது "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னார்: "ரெண்டாம் பாதி கொஞ்சம் இழுவை." எல்லோரும் "அதேதான்!" என்றார்கள். அன்றைக்குத் தொடங்கியது. புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு முகம் பார்த்துப் பூரிக்கிற யாரும் பின்னறையை எட்டிப் பார்ப்பதில்லை. அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான் அவர் வாயைத் திறந்தால் மூன்று தலைகள் திரும்பும்.

மூன்று தலைகளில் ஒன்று, கண் பரிசோதிக்கிறவருடையது. அவர் டாக்டர் இல்லை. வெள்ளைக் கோட்டு போடுகிற தோஷத்தால் எல்லோருக்கும் டாக்டர். இன்னொன்று, கவுன்டரில் நிற்கும் துடுக்குப் பெண். மூன்றாவது, லென்ஸைப் பிரேமில் பூட்டும் ஸ்க்ரூ அக்கா. எள்ளை விடச் சின்னத் திருகாணிகளை மூச்சை அடக்கிக்கொண்டு முடுக்குவார். ஜட்ஜை விட ஏழு வயது இளையவர். ஆனாலும் ஜட்ஜுக்கும் அவர் அக்காதான்.

ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவும் இடத்தில், தண்ணீரைத் திறந்துவிட்டு அக்கா தணிந்த குரலில் பேசினார்.

"அண்ணே, ஒரு விஷயம். என் தங்கச்சி நாளைக்குப் படம் பார்க்கலாம்னு சொல்லிருக்கா."

தங்கச்சியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அவளுடைய ஆறு வயது மகள் பதினோரு மாதத்துக்கு முன்னால் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதிலிருந்து தங்கச்சி அக்காவின் வீட்டில்தான் இருக்கிறாள். டிவி ஓடினால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

"அவளாவே கேட்டாளா?"

"அவளாத்தான் கேட்டா. சிரிக்கிற மாதிரி ஏதாவது போடுன்னா. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. நீங்க அன்னைக்கு ஒரு படம் சொன்னீங்களே, ஒரு குடும்பம் பியானோவைத் தள்ளுவண்டில ஏத்திக்கிட்டு வீடு மாறுவாங்கன்னு..."

"அதுவா? வயிறு வலிக்கச் சிரிக்கலாம்."

"நடுவுல குழந்தைக்கு எதுவும் ஆகாதே? ஆஸ்பத்திரி, ஊசி, அந்த மாதிரி? நீங்க பார்த்திருக்கீங்க. அதான் உங்களைக் கேக்குறேன்."

அந்த இடத்தில் அவர் ஒரே ஒரு மூச்சு தாமதித்தார். முதல் இருபது நிமிடத்தில் பியானோ படிக்கட்டில் உருண்டது. கடைசிப் பத்து நிமிடத்தில் குடும்பம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சிரித்தது. கருத்து எழுதிய மூன்று பேரில் ஒருவர் "கைக்குட்டை தேவைப்படும்" என்று எழுதியிருந்தார். சிரித்துக் கண்ணில் நீர் வருவதைத்தான் சொல்கிறார் என்று ஜட்ஜ் எடுத்துக்கொண்டார். கதையின் முக்கியமான திருப்பத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது கருத்து எழுதுகிறவர்களிடையே ஒரு நாகரிகம். மூவரும் அந்த நாகரிகத்தைக் காப்பாற்றியிருந்தார்கள்.

"சேச்சே! அதெல்லாம் ஒண்ணுமில்ல. கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க" என்றார்.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை வந்தார். பையை மாட்டிவிட்டு நேராக அரவைச் சக்கரத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிஷம் ஆனப்போண்ணே" என்றார். "படத்துல அந்தச் சின்னக் குட்டிக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கட்டில். அப்புறம் கட்டில் காலியா இருக்கு."

ஜட்ஜ் சக்கரத்தை நிறுத்தினார். தெறித்த தண்ணீர் முழங்கையில் வழிந்தது, துடைக்கவில்லை.

"நான்தான் ஓடிப்போய் நிறுத்தினேன். அவ எந்திரிக்கவே இல்ல. ரெண்டு நாளா ஒரு வார்த்தை பேசல. நான் உங்களை எப்படித் திட்டினேன்னு எனக்குத்தான் தெரியும். இன்னைக்குக் காலையில அவளே பேசினா. என்ன கேட்டா தெரியுமா? 'அந்த அண்ணன் முழுசாப் பார்த்துட்டுத்தானே சொன்னாரு? நான் யாருன்னு தெரிஞ்சுதானே சொன்னாரு? அப்ப அதுக்கப்புறம் நான் பார்க்க வேண்டியது ஏதோ இருக்கும்ல?' அப்படிங்கிறா. மிச்சத்தையும் பார்க்கவான்னு கேக்குறா." அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். "நீங்க தெரிஞ்சேதான் சொன்னீங்களா அண்ணே?"

மனிதனுக்குச் சில நேரம் கதவு அகலத் திறந்து கிடக்கும். "இல்லைங்க, நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை" என்று ஐந்தாறு வார்த்தை சொன்னால் வெளியே வந்துவிடலாம். ஜட்ஜுக்கு அந்த வார்த்தைகள் தொண்டை வரைக்கும் வந்தன. ஆனால் திறந்திருந்த இன்னொரு கதவு கிட்டத்தில் இருந்தது. அங்கே யாரோ அவருக்காக நாற்காலிகூடப் போட்டு வைத்திருந்தார்கள்.

"ஆமா" என்றார். "முதல்லயே சொன்னா நீங்க போட மாட்டீங்க. அதான்... மிச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்க. கடைசியில எல்லாரும் சிரிப்பாங்க."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை மாதிரி யோசிக்க எங்களுக்கு எங்கண்ணே தெரியுது? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் போடுறேன்."

சில லென்ஸ்களுக்குத் திசை உண்டு. கடிகார முள் ஒரே ஒரு எண்ணைக் காட்டுவதுபோல, அந்த லென்ஸும் சீட்டில் எழுதிய கோணத்தில்தான் நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பினாலும் உலகம் சாய்ந்து தெரியும். இருபத்து மூன்று வருடத்தில் ஜட்ஜ் கோணம் தப்பியது கிடையாது. அன்று இருபது பாகை தப்பினார். டாக்டர் அதைச் சோதிக்கும் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன ஜட்ஜையா, தீர்ப்பு கோணலா இருக்கே?" என்றார். கவுன்டர் பெண் சிரித்தாள். ஜட்ஜும் சிரித்தார். சிரித்த வாயை எப்போது மூடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த மூன்று நாளும் அக்கா நல்ல செய்தியாகவே கொண்டுவந்தார். தங்கச்சி சாப்பிட்டாள். தங்கச்சி தலை வாரிக்கொண்டாள். தங்கச்சி மாடிக்குப் போய்த் துணி எடுத்து வந்தாள். ஒவ்வொன்றும் ஜட்ஜின் முதுகில் ஒரு கல்லாக ஏறியது. வெள்ளிக்கிழமை டாக்டர் ஒரு புதுத் தொடரைப் பற்றிக் கேட்டபோது, யோசனையில்லாமல் "ரெண்டாம் பாதி இழுவை" என்றார்.

"எட்டு வாரமா ஓடுது, இன்னும் முடியல. அதுல ஏதுய்யா ரெண்டாம் பாதி?" என்றார் டாக்டர்.

"ஜட்ஜ் சாருக்கு வர்ற வாரமெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிடும் போல" என்றாள் கவுன்டர் பெண். அக்கா மட்டும், "அவருக்குத் தெரியும், சும்மா இருங்க" என்றார். அந்த வக்காலத்துதான் அவரை நிமிரவிடாமல் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அந்தப் படத்தைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய மனைவி துணியை மடித்தபடி இரண்டு தடவை குறுக்கே போனார். மூன்றாம் தடவை நின்றுவிட்டார்.

"உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"இல்லையே. ஏன்?"

"நடுவுல தள்ளி ஓட்டாம பார்க்குறீங்களே."

அவர் தலை குனிந்தார். மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

காய்ச்சல் வந்தது. கட்டில் காலியானது. அதற்கு மேல்தான் அவர் பயந்துகொண்டிருந்த பகுதி. அங்கே அவர் பயந்ததை விட மோசமான ஒன்று இருந்தது. ஒரு மணி முப்பத்தோராவது நிமிடத்தில், உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து அந்தத் தாயைப் பார்த்துச் சொல்கிறார்கள்: ஒரு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். நாலு நிமிடம் ஓடுகிறது அந்தக் காட்சி. அக்காவின் தங்கச்சியிடமும் புகுந்த வீட்டில் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் அவள் அக்கா வீட்டுக்கு வந்தாள். கடை முழுக்கத் தெரிந்த கதை அது.

கடைசிப் பத்து நிமிடம் வந்தது. குடும்பம் மேஜையைச் சுற்றிச் சிரித்தது. இந்தத் தடவை அவர் மேஜையைப் பார்த்தார். நாலு தட்டு இருந்தது. ஆரம்பத்தில் அந்த வீட்டில் ஐந்து பேர்.

போனை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்தினார். மணி அடிப்பதற்குள் வைத்தார். இன்னொரு தடவையும் அப்படியே. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

மூன்றாம் மாடி. கதவைத் திறந்த அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "வாங்கண்ணே! நீங்களும் கூட உட்காரப் போறீங்களா?"

"கொஞ்சம் வெளிய வாங்க."

படிக்கட்டின் திருப்பத்தில், யாரோ சாய்த்து வைத்திருந்த சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். "நான் அதைப் பார்க்கல."

"எதை?"

"அந்தப் படத்தை. முதல்ல கொஞ்சம், கடைசியில கொஞ்சம். இன்னைக்குத்தான் முழுசாப் பார்த்தேன். அதைப் போடாதீங்க."

அக்காவுக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. "தெரிஞ்சேதான் சொன்னேன்னீங்களே, புதன்கிழமை."

"பொய்."

"மத்த படமெல்லாம்?"

"எல்லாமே அப்படித்தான்."

"என் வீட்டுக்காரருக்கு வாங்கிக் குடுக்கச் சொன்னீங்களே, அந்தப் புத்தகம்?"

"பின்னட்டை படிச்சேன்."

"என் பொண்ணுக்கு இங்கிலீஷ் படிக்க ஒரு ஆப்பு சொன்னீங்க..."

"படம் அழகா இருந்துச்சு. அந்தப் பொத்தான் மேல இருக்குற படம்."

வேறொரு நாளாக இருந்தால் அக்கா சிரித்திருப்பார். சைக்கிளின் இருக்கையில் கையை ஊன்றிக்கொண்டார். திட்டுவார் என்று ஜட்ஜ் காத்திருந்தார். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார். சொல்லப்போனால், அதற்காகவும்தான் வந்திருந்தார்.

"உள்ள வந்து அவகிட்டயும் சொல்லிடுறேன். கால்ல விழணும்னாலும் விழுறேன்" என்றார்.

"சொல்லாதீங்க."

"அக்கா..."

"வாயைத் திறக்காதீங்க. பதினோரு மாசமா எல்லாரும் அவளைப் பார்த்தா பேச்சை மாத்திடுவாங்க. நானும்தான். தெரிஞ்சே ஒரு மனுஷன் தன்னை நினைச்சு ஒரு படத்தைத் தேடி எடுத்தாரு, தான் தாங்குவேன்னு நம்பினாருன்னு அவ நினைச்சுக்கிட்டிருக்கா. அந்த நினைப்புலதான் நாலு நாளா சோறு இறங்குது. இப்பப் போய், உன்னை யாரும் நினைக்கல, நான் சும்மா அளந்துவிட்டேன்னு சொல்லப் போறீங்களா? உங்க பாரத்தை இறக்கி வைக்க என் தங்கச்சி என்ன சுமைதாங்கிக் கல்லா?"



"யாருக்கா அங்க?" உள்ளேயிருந்து குரல். கதவருகே தங்கச்சி வந்து நின்றாள். மெலிந்த முகம்; தலை வாரிப் பின்னியிருந்தது. "கண்ணாடிக் கடை அண்ணனா? உள்ள வாங்கண்ணே. ஏன் படியில நிக்கிறீங்க?"

அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். நாலு மணிக்காக டிவியில் எடுத்து வைத்திருந்த படம் போன வாரம் நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தது: ஒரு காலிக் கட்டில். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அக்கா சுவரோரமாக நின்றார்.

"மிச்சத்தைப் பார்க்க வேணாம்மா" என்றார் ஜட்ஜ். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "நான் முன்னாடியே சொல்லிருக்கணும். அதுல ஒரு இடம் இருக்கு. அந்த அம்மாவைச் சொந்தக்காரங்க பேசுற இடம்."

"என்ன பேசுறாங்க?"

அக்காவைப் பார்த்தார். அக்கா முகத்தில் எதையும் காட்டவில்லை.

"ஒரு நாள் முன்னாடி கொண்டுபோயிருக்கணும்னு."

அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் யாரோ வண்டியைப் பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"அதுக்கு அவ என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போய்ப் பாத்திரம் கழுவுறா. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுறா."

"சரியாத்தான் எடுத்திருக்காங்க" என்றாள். பிறகு, "அப்புறம்?"

அவர் சொன்னார். அந்தத் தாய் பியானோவின் மூடியைத் திறக்காமல் அதன் மேல் துணி உலர்த்துவதைச் சொன்னார். தகப்பன் வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப்போவதைச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தின் நடுவை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் கதை சொல்ல வந்தது, நன்றாகவே வந்தது. அதுவே அவருக்குக் கூசியது. அவள் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நிறுத்தச் சொல்லவில்லை.

"கடைசியில சிரிக்கிறாங்கன்னு அக்கா சொன்னாளே?"

"சிரிக்கிறாங்கம்மா. ஆனா மேஜையில நாலு தட்டுதான். அதை யாரும் சொல்றதில்ல. நாமதான் எண்ணிப் பார்க்கணும்."

"நீங்க உடனே எண்ணிட்டீங்களா?"

அவர் தண்ணீர் டம்ளரைக் கையில் சுற்றினார். சுவரோரத்திலிருந்து அக்கா பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது. பொய் சொல்லக் கூடாது. உண்மையும் சொல்லக் கூடாது.

"முதல் தடவை கவனிக்கல" என்றார். "ரெண்டாவது தடவை பார்க்கும்போதுதான்."

தங்கச்சியின் கண்கள் அகன்றன. "ரெண்டு தடவை பார்த்தீங்களா! எனக்காகவா?" சட்டென்று எழுந்தாள். "இருங்கண்ணே, டீ போடுறேன். நீங்க சொன்னதே போதும் எனக்கு, இனி நான் பார்க்க வேண்டியதில்ல. குடிச்சிட்டுத்தான் போகணும்."

அவள் சமையலறைக்குள் போனாள். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. ஒரு பாட்டின் முதல் வரியை மெல்ல முனகினாள். அடுத்த வரி நினைவுக்கு வராமல் நிறுத்தினாள். சுவரோரத்தில் அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டீ வந்தது. அவர் குடித்தார். நாக்கு சுட்டது, ஊதிக் குடிக்கத் தோன்றவில்லை. அவள் இன்னொரு படம் சொல்லச் சொன்னாள். "பார்த்துட்டுச் சொல்றேன்மா" என்றார். அவர்தான் எவ்வளவு பொறுப்பான மனிதர் என்பதுபோல அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு அவரால் முகம் கொடுக்க முடியவில்லை. செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தார்.

அக்கா படிக்கட்டின் திருப்பம் வரைக்கும் கூட வந்தார். அவர் ஏதாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று நின்றார். அக்கா சைக்கிளைச் சுவரோடு ஒட்டித் தள்ளி அவருக்கு வழி விட்டார்.

"ரெண்டு தடவை" என்றார் அக்கா. அவ்வளவுதான். மேலே ஏறிப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஜட்ஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.